உம்மும்மா எழுதிய கடிதம்

உங்கள் பாட்டியார் எழுதப் படிக்கத் தெரிந்தவரா என்று யாரேனும் வினவினால் என்ன விடை கூறுவீர்கள்? 'அந்தக் காலத்து மனுஷி. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை' என்று சொல்லி முடித்துவிடுவோம். அரசாங்கத்தின் குடிக்கணக்கும் ஏறக்குறைய இப்படியே சொல்லிற்று. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது வகுக்கப்பட்ட விதி இது: ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதவும், வரும் பதிலைப் படிக்கவும் தெரிந்தவரே எழுத்தறிவுடையவர், மற்றவரெல்லாம் எழுத்தறிவற்றவர். இவ்விதியின்படி நம் பாட்டிமார்களில் பெரும்பாலோர் 'அற்றவர்' பக்கத்திலேயே நின்றனர்.

ஆனால் அதே பாட்டியார் சுப்ஹுத் தொழுகைக்குப் பின் திருக்குர்ஆனை விரித்து வைத்து ஓதியதை நாம் அறிவோம். முப்பது ஜுஸ்வையும் ஓதி முடித்தவர். மௌலிது, மாலை, மார்க்கச் சட்ட நூல் என அரபுத்தமிழ்க் கிதாபுகளைச் சரளமாக வாசித்தவர். அப்படியிருந்தும் எப்படி 'எழுத்தறிவற்றவர்' ஆனார்? படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், எழுதக் கற்றுக்கொடுக்கவில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரத்தை ஒரு பெண் எவ்வாறு கடந்தார், கடந்ததனால் யாருடைய உரிமை காக்கப்பட்டது என்பதையே இங்கே சொல்லப் புகுகிறேன். அவர் என் தாயாரைப் பெற்ற தாயார். நன்னி, ராதியம்மா, பெத்தம்மா, வாப்பும்மா என்று ஊருக்கு ஊர், உறவுக்கு உறவு அழைப்பு மாறும். எங்கள் வீட்டில் அவர் உம்மும்மா.

உம்மும்மா நாகூரில் பிறந்தவர். பிறந்த தேதியை எவரும் குறித்து வைக்கவில்லை. 'விஷக் காய்ச்சல் வந்து ஊரெல்லாம் மையித்து விழுந்த வருஷம்' என்பதே அவர் பிறப்புச் சான்று. 1918இல் உலகை உலுக்கிய இன்ஃபுளுயன்ஸாக் காய்ச்சலைத்தான் அவ்வாறு குறிப்பிட்டார்கள். தாயும் சேயும் பிழைத்ததே பெரும் நிஃமத் எனக் கருதப்பட்ட காலம் அது.

ஐந்து வயதில் பக்கத்துத் தெருவில் ஓதிக்கொடுக்கும் மூதாட்டியிடம் அனுப்பப்பட்டார். காலையில் ஓதல், பின்பு அந்த மூதாட்டியின் வீட்டு முற்றத்தைப் பெருக்குதல், மீண்டும் ஓதல். அம்ம ஜுஸ்வு முடிந்தபோது வெல்லமும் தேங்காயும் கலந்த அரிசி மாவு தெருவுக்கெல்லாம் வழங்கப்பட்டது. பத்து வயதிற்குள் குர்ஆன் முழுவதும் முடிந்தது. அதன் பிறகு அரபுத்தமிழ்.

இளைய தலைமுறைக்காக ஒரு விளக்கம். அரபுத்தமிழ் என்பது தமிழ் மொழியை அரபு எழுத்தால், வலமிருந்து இடமாக எழுதும் முறை. அரபியின் 28 எழுத்துகளில் தமிழின் ட, ண, ள, ழ, ங, ஞ போன்ற ஒலிகளுக்கு இடமில்லை. எனவே இருக்கும் எழுத்துகளுக்கே மேலும் கீழும் புள்ளிகளும் குறிகளும் கூட்டிப் புதிய எழுத்துகளை நம் முன்னோர் அமைத்துக்கொண்டனர். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்ற பேரறிஞர்கள் மார்க்கச் சட்டங்களை இம்முறையில் எழுதி வைத்ததனால், பள்ளிக்கூடம் செல்லாத பெண்களும் தொழுகை, நோன்பு, ஸக்காத், வாரிசுரிமை ஆகியவற்றின் சட்டங்களை வீட்டுத் திண்ணையிலேயே தெரிந்துகொண்டனர். நாம் இன்று எளிதாக மறந்துவிட்ட ஒரு செல்வம் இது.

ஆனால் எழுதுகோல்? அது பெண்பிள்ளையின் கைக்கு ஆகாது என்றார்கள். எழுதக் கற்றால் அந்நிய ஆடவனுக்குக் கடிதம் எழுதுவாளாம்! அம்ம ஜுஸ்விலேயே இடம்பெறும் 'அலக்' அத்தியாயம், இறைவன் எழுதுகோலைக் கொண்டு மனிதனுக்குக் கற்பித்ததை எடுத்துரைக்கிறது. அதை மனப்பாடமாக ஓதிய சிறுமிக்கு அந்த எழுதுகோல் மறுக்கப்பட்டது. ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததாக அபூதாவூத் தொகுப்பில் காணும் ஹதீஸை அறிந்த பெரியவர்கள் அன்றும் ஊரில் இல்லாமலில்லை. அறிந்தும் பேசாதிருந்தனர். வழக்கம் மார்க்கத்தின் உடையை அணிந்து வந்து நின்றால் எதிர்த்துக் கேட்போர் குறைவு.

இதே நாகூரில் 1917இல் பிறந்தவர்தாம் சித்தி ஜுனைதா பேகம். மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுவிட்ட அப்பெண்மணி, 1938இல் 'காதலா கடமையா' என்னும் நாவலை எழுதி வெளியிட்டார். அதற்கு முகவுரை வழங்கியவர் உ.வே. சாமிநாதையர். உம்மும்மாவைவிட ஓராண்டே மூத்தவர். மூன்று வகுப்புகள் ஒருவரை எங்கே கொண்டு சேர்த்தன, அவை இல்லாமை மற்றவரை எங்கே நிறுத்திற்று என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

1930ஆம் ஆண்டு, நோன்புப் பெருநாள் கழிந்த ஷவ்வால் மாதத்தில் உம்மும்மாவுக்கு நிக்காஹ் நடந்தது. வயது பன்னிரண்டு. அவ்வாண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சாரதா சட்டம் நடைமுறைக்கு வரவிருந்தது. பதினான்கு வயதிற்குக் குறைந்த பெண்ணுக்கு மணம் செய்விப்பது அதன்படி குற்றம். நாடெங்கும் எல்லாச் சமூகத்தாரும் அதற்கு முன்னதாகவே சிறுமியர் மணங்களை அவசர அவசரமாக முடித்தார்கள். உம்மும்மாவின் மணமும் அந்த அவசரத்தில் முடிந்த ஒன்றே. 'பந்தலில் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. கருகமணி கட்டும்போது எழுப்பினார்கள்' என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்கும் நாங்களும் சிரித்திருக்கிறோம். சிரிக்கத்தக்கதன்று அது.

மணமகன் இருபத்து நான்கு வயதினர்; பினாங்கில் சூலியா தெருப் பக்கம் சிறு துணிக்கடை. மஹர் நூற்றொரு ரூபாய், பின்னர் தருவதாகப் பேச்சு. அந்நாளில் பல வீடுகளில் மஹர் ஏட்டில் எழுதப்பட்டு ஏட்டிலேயே உறங்கியது. கணவர் இறந்ததும் மையித்தின் அருகே மனைவியை நிறுத்தி, 'மஹரை மன்னித்துவிட்டேன்' என்று சொல்லச் செய்யும் வழக்கத்தையும் கண்டிருப்பீர்கள். அழுதுகொண்டிருப்பவளிடம் கடனை ரத்துச் செய்யச் சொல்வது என்ன நியாயமோ!

ஒன்று மட்டும் அவருக்குச் சாதகமாக இருந்தது. நாகூர், காரைக்கால், அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற நம் கடற்கரை ஊர்களில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். உம்மும்மாவின் வாப்பா, தாம் கட்டிய ஓட்டு வீட்டை மகள் பெயருக்கே எழுதி வைத்தார். இவ்வழக்கத்தால் பெண்ணைப் பெற்றோர் படும் பாட்டை நான் மறுக்கவில்லை; ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கட்டித் தேய்ந்த தந்தையர் எத்தனையோ பேர். ஆயினும் 'வெளியே போ' என்று ஒருவராலும் சொல்ல முடியாத ஒரு கூரை உம்மும்மாவின் தலைக்கு மேல் இருந்தது. பின்னால் நடந்தவற்றை எண்ணும்போது அதன் அருமை புலனாகும்.

மணம் முடிந்த மூன்றாம் வாரமே பாட்டனார் கப்பலேறினார். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தொலைவில் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் ஏறிச் சென்று அதில் ஏற வேண்டும். 'ரஜூலா' என்ற பெயரை நம் கடற்கரை ஊர்களில் அறியாதவர் அன்று இல்லை. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் நம்மவர்களைச் சுமந்தது. போனவர்கள் சபுராளிகள். அவர்கள் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவர், சில மாதம் தங்குவர், மீண்டும் போவர். பாட்டனார் 1934இல் வந்தார்; 1935இல் என் தாயார் பிறந்தார். 1938இல் மறுபடி வந்தார். மறு ஆண்டு என் சிற்றன்னை பிறந்தார். இருபத்தெட்டு ஆண்டு இல்லறத்தில் அவ்விருவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த காலத்தை உம்மும்மா விரல் விட்டு எண்ணிச் சொல்வார்: ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவு.

மற்றக் காலமெல்லாம் கடிதம். பாட்டனார் அரபுத்தமிழில் எழுதுவார். உம்மும்மா தாமே படித்துக்கொள்வார். பதில் எழுதவோ அண்டை வீட்டுச் சிறுவனை அழைக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையன் முன்னால் ஒரு மனைவி கணவருக்கு என்ன சொல்ல முடியும்? 'ஓடு மாற்ற வேண்டும். பெரிய பிள்ளைக்கு இருமல் தேவலை. கடைக்காரருக்கு இருபது ரூபாய் பாக்கி.' அக்கடிதங்களில் ஓடும் இருமலும் பாக்கியும் இருந்தன; உம்மும்மா இல்லை.

1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் பினாங்கின் மேல் குண்டு வீசின. 19ஆம் தேதி ஊர் அவர்கள் வசமாயிற்று. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் வீழ்ந்தது. கடிதம் நின்றது, பணம் நின்றது, கப்பலும் நின்றது. பர்மாவும் வீழ்ந்ததால் அங்கிருந்து வந்த அரிசியும் இல்லாமற் போயிற்று. எங்கள் தெருவில் மட்டும் பல வீடுகளின் ஆண்கள் மலாயாவில் இருந்தார்கள். உயிரோடிருக்கிறாரா, இல்லையா என்றறியாமல், இத்தா இருப்பதா, காத்திருப்பதா என்று கூடத் தெரியாமல் மூன்றரை ஆண்டுகளைக் கழித்த அப்பெண்களைப் பற்றி நம்மில் யார் எழுதி வைத்தோம்?

உம்மும்மா முதலில் காதிலிருந்த அலுக்கத்துகளை விற்றார். பிறகு அரிசி மாவில் இறால் வைத்துச் சுடும் வாடாவும், இடியாப்பமும் செய்து கொல்லைப்புற வாசல் வழியாக விற்றார். என் தாயார் அப்போது ஏழு வயதுப் பள்ளிச் சிறுமி. மாலையில் மகள் சிலேட்டை வைத்துவிட்டு விளையாடப் போனதும், தாய் அதை எடுத்து 'அ' எழுதிப் பார்த்தார். அரபு எழுத்துகள் கண்ணுக்குப் பழகியவை, கைக்குத்தான் பழக்கமில்லை. ஓராண்டிற்குள் இரு எழுத்துகளும் கைவந்தன. இருபத்தைந்து வயதில் அவர் முதன்முதலாகத் தம் கையால் எழுதிய வாசகம் வாடாக் கணக்கு.

உறவினர் சிலர், 'நான்கு வருஷம் தகவல் இல்லாவிட்டால் கோர்ட்டில் நிக்காஹை ரத்துச் செய்யலாம், சட்டம் வந்திருக்கிறது' என்று யோசனை கூறினர். 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் அவ்வழி இருந்தது உண்மையே. நான்கு ஆண்டு நிறையுமுன் போர் முடிந்தது.

1945இன் இறுதியில் கடிதம் வந்தது. பாட்டனார் உயிரோடிருந்தார். ஜப்பானியர் அச்சடித்த வாழைமரத்து நோட்டுகள் ஒரே நாளில் வெறும் தாளாகிப் போனதையும், கடை போனதையும் எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் மற்றொன்றும் இருந்தது. 1940இல் அவர் பினாங்கில் நிக்காஹ் செய்திருந்தார். பெண், தமிழ் முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்தவர். நான்கு வயதில் ஒரு மகன்.

மூன்று நாள் உம்மும்மா யாரோடும் பேசவில்லை என்று என் தாயார் சொல்வார். நான்காம் நாள் கதவைச் சாத்திக்கொண்டு, எந்தச் சிறுவனையும் அழைக்காமல், தாமே பதில் எழுதினார். அதில் வசை இல்லையாம், கண்ணீரும் இல்லையாம். உயிரோடிருப்பதற்கு அல்ஹம்துலில்லாஹ். நூற்றொரு ரூபாய் மஹரை உடனே அனுப்பவும். இரண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவு மாதாமாதம் வர வேண்டும். இவ்வளவே. பாட்டனாருக்கு அவர் மனைவி எழுதிய முதல் கடிதம் அது. மஹர் 1946இல் வந்து சேர்ந்தது. வாடா விற்ற சேமிப்பையும் அதனோடு சேர்த்துப் பழைய தையல் இயந்திரம் ஒன்றை வாங்கினார்.

பலதார மணத்தை மார்க்கம் நீதி என்னும் நிபந்தனையோடு அனுமதித்திருக்கிறது. ஆறு ஆண்டுகள் ஒரு மனைவிக்குத் தெரியாமல் மற்றொருத்தியை மணந்து வாழ்வது அந்த நிபந்தனைக்கு உட்பட்டதா என்பதை ஆலிம்களிடமே விட்டுவிடுகிறேன். உம்மும்மாவோ அதைப் பற்றித் தீர்ப்புக் கூறியதில்லை. 'அவர் எனக்குச் செய்தது அவர் கணக்கு' என்பார்.

1958இல் பாட்டனார் ஊர் வந்திருந்தபோது காலமானார். அதுவரை கூறியவை நம் கடற்கரை ஊர்களில் பல வீடுகளிலும் நடந்தவைதாம். இனிக் கூறப்போவதற்காகவே இத்தனையும் எழுதினேன்.

உம்மும்மா இத்தாவில் இருந்தார். நான்கு மாதம் பத்து நாள் முடியவில்லை. கணவரின் தம்பி ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து திரைக்கு அப்பால் இருந்து கையொப்பம் கேட்டார். வாரிசுகள் விவரம்: மனைவி ஒருவர், மகள்கள் இருவர், சகோதரர் ஒருவர். பினாங்கு மனைவியின் பெயரும் மகனின் பெயரும் அதில் இல்லை. ஏன் இல்லை என்பதை வாரிசுரிமைக் கணக்கை அறிந்தவர்கள் நொடியில் உணர்வார்கள். மற்றவர்களுக்காக விரித்துரைக்கிறேன்.

கடன் தீர்த்த பின் எஞ்சும் சொத்தை 96 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். மகன் இல்லையென்றால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 12 பங்கு; மகள்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு, அதாவது 64 பங்கு; மீதி 20 பங்கு சகோதரருக்கு. மகன் ஒருவன் இருந்துவிட்டாலோ சகோதரருக்கு ஒன்றுமே இல்லை. மனைவியர் இருவரும் அந்த 12 பங்கை ஆளுக்கு ஆறாகப் பகிர்வர். எஞ்சிய 84இல் மகனுக்கு 42. மகள்களுக்கு ஆளுக்கு 21.

ஆக, பினாங்குச் சிறுவனை மறைத்தால் சகோதரருக்கு மட்டுமா ஆதாயம்? உம்மும்மாவின் பங்கும் இரட்டிப்பாகும். அவருடைய மகள்களுக்கும் 42க்குப் பதிலாக 64 கிடைக்கும். கொழுந்தனார் இதைத்தான் எடுத்துச் சொன்னார். 'மச்சி, உங்களுக்கும் நல்லதுதானே? கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவள் வந்து கேட்கவா போகிறாள்?' அது வெறும் ஆசை வார்த்தையன்று. இளைய மகளுக்கு மணம் பேசிக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டார் கைக்கூலி கேட்டிருந்தார்கள். பணம் தேவைப்பட்டது.

முன்பு போல் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்திருந்தால் பெருவிரலை நீட்டியிருப்பார். பாவம் வேறொருவரைச் சேர்ந்திருக்கும். அவரோ பத்திரத்தை வாங்கி, வரி வரியாகப் படித்தார். படித்துவிட்டுத் திரைக்கடியில் திருப்பித் தள்ளினார். 'ஒரு பேரு குறையுது தம்பி. இல்லை, ரெண்டு பேரு' என்றாராம்.

வீட்டுப் பெரியவர்கள் வந்து பேசினர். சொந்தச் சகோதரரே கோபித்துக்கொண்டு ஓராண்டு வாசற்படி ஏறவில்லை. இளைய மகளின் சம்பந்தம் முறிந்தது. என் சிற்றன்னை அதற்காகத் தாயை நீண்ட காலம் மன்னிக்கவில்லை. இதை மறைத்து உம்மும்மாவை ஒரு வலியுல்லாஹ்வாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. சிற்றன்னைக்கு இரண்டாண்டுகள் கழித்து வேறிடத்தில் மணம் நடந்தது. ஆனால் அந்த இரண்டாண்டு காலம் அவ்வீட்டில் தாயும் மகளும் ஒரே சஹனில் உண்ணவில்லை.

இத்தா முடிந்ததும் தென்னந்தோப்பு விற்கப்பட்டுப் பங்கு பிரிக்கப்பட்டது. பினாங்குக்குரிய 48 பங்கின் தொகையை அங்கே கடை வைத்திருந்த ஊர்க்காரர் ஒருவர் மூலம் சேர்ப்பிக்க ஏற்பாடாயிற்று. தொகையோடு ஒரு கடிதமும் போயிற்று. உம்மும்மா அதை அரபுத்தமிழில் எழுதினார். காரணம் இருந்தது. பினாங்கு அம்மையார் தமிழ் பேசுவார். தமிழ் எழுத்து அறியார். அவர் கற்றது ஜாவி, அதாவது மலாய் மொழியை அரபு எழுத்தால் எழுதும் முறை. அதிலும் அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளி கூட்டியே எழுதுவர். எனவே அரபு எழுத்தில் தமிழை எழுதினால், எழுத்துக் கூட்டி வாயால் சொல்லிப் பார்த்தே அவர் பொருளை உணர்ந்துகொள்வார் என்பது உம்மும்மாவின் கணிப்பு. ஒருவரையொருவர் கண்டிராத இருவருக்கிடையே, மூன்றாம் ஆள் இடையிலின்றிச் செய்தி போய்ச் சேர அந்த எழுத்து உதவிற்று.

அக்கடிதம் இன்று எங்களிடம் இல்லை. அது போன இடத்தில் இருக்கலாம். இருப்பது பதில்தான். 1996இல் உம்மும்மா மௌத்தான பின், அவருடைய தகரப் பெட்டியில் மற்றக் கடிதங்களோடு அதுவும் இருந்தது. எங்கள் வீட்டில் எவருக்கும் படிக்கத் தெரியவில்லை. குர்ஆன் ஓதத் தெரிந்த நாங்கள் அந்தப் புள்ளிகளின் முன்னால் விழித்து நின்றோம். மதரஸாவில் ஓதிக்கொடுத்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடையிடையே வந்த மலாய்ச் சொற்களில் தடுக்கித் தடுக்கி, என் தாயாருக்குப் படித்துக் காட்டினார்.

ஒரே பக்கம். பணம் வந்து சேர்ந்தது. மகனின் பங்கைத் தாம் தொடவில்லை. அவன் பெயரில் போட்டிருக்கிறது. பினாங்கில் ஒவ்வோராண்டும் பாத்திஹா ஓத விரும்புவதாகவும், அதற்காக அவர் வஃபாத்தான பிறை எத்தனை, எந்த வக்து என்று எழுதி அனுப்பும்படியும் கேட்டிருந்தார். அடியில், வேறு மையில், சிறுவனின் கோணல் எழுத்தில் ஒரு ஸலாம்.

அதே தாளின் ஓரத்தில் உம்மும்மா பென்சிலால் குறித்திருந்தார்: 'பதில் போட்டாச்சு.'